சமுதாய அமைப்பாக்கமும் அட்வகசியும் படிக்க வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பன்னிரண்டு ஆண்டுகளாகத் தென்சென்னையின் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் வேலை செய்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுநிலைப் படிப்பின் மாணவர்கள் களப்பணிக்காக எங்களிடம் வருகிறார்கள். அவர்கள் கேட்கும் சந்தேகங்களும், சேர்வதற்கு முன்பு அவர்களுடைய பெற்றோர் தொலைபேசியில் கேட்கும் சந்தேகங்களும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். தனித்தனியே சொல்லும்போது ஏதாவது விட்டுப்போகிறது. அதனால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை முடிந்தவரை கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே வைத்திருக்கிறேன்.

அட்வகசி என்றால் வக்கீல் படிப்பா?

இல்லை. நீதிமன்றத்தில் வழக்காடச் சட்டம் படிக்க வேண்டும். சமூகப்பணித் துறையில் அட்வகசி என்றால், ஒரு விதியையோ திட்டத்தையோ அதிகாரியின் முடிவையோ மாற்றுவதற்காகப் பாதிக்கப்பட்டவர்களோடு நின்று, ஆதாரத்தோடு பேசுவது. பரிந்து பேசுதல், ஆதரவு திரட்டல், குரல் கொடுத்தல் என்று தமிழில் ஆளுக்கொரு சொல் வைத்திருக்கிறார்கள். எதுவும் முழுதாகப் பொருந்தாததால் களத்தில் எல்லோரும் அட்வகசி என்றே சொல்கிறோம். நானும் அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் குடியிருப்பில் ஓர் அம்மா, "எங்களுக்காகப் போய்ப் பேசுவது" என்று இதற்கு விளக்கம் சொன்னார். அது பாதிதான் சரி. மீதிப் பாதியை மனு பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

சமுதாய அமைப்பாக்கம் என்பது சேவை செய்வதுதானே? அதற்கு எதற்கு ஒரு பட்டம்?

தெருவுக்குத் தண்ணீர் லாரி வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டு லாரியை வரவழைத்தால் அது சேவை. அந்தத் தெருப் பெண்கள் பத்துப் பேர் கூடி, எந்தெந்தத் தேதியில் லாரி வரவில்லை, வந்த நாளில் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை குடம் கிடைத்தது என்று ஒரு நோட்டில் குறித்து, அதை எடுத்துக்கொண்டு பொறியாளரைப் பார்க்கப் போனால் அது அமைப்பாக்கம். அந்த நோட்டை ஆதாரமாக வைத்து, அந்தப் பகுதிக்கே லாரி வரும் முறையை மாற்ற வைத்தால் அது அட்வகசி.

சேவையைத் தாழ்த்திச் சொல்லவில்லை. தாகத்தோடு இருப்பவருக்கு முதலில் தண்ணீர்தான் தேவை. ஆனால் போன் போட்டவர் ஊர் மாறிப் போனால் லாரியும் நின்றுவிடும். நோட்டு எழுதத் தெரிந்த பத்துப் பேர் அங்கேயே இருப்பார்கள். அந்தப் பத்துப் பேரை எப்படிக் கூட்டுவது, அவர்களுக்குள் சண்டை வந்தால் என்ன செய்வது, யாரிடம் எந்த விதியைக் காட்டிப் பேசுவது என்பதெல்லாம் பழகிக் கற்க வேண்டிய வேலை. அதற்குத்தான் பட்டம்.

நான் பி.காம். முடித்திருக்கிறேன். இதில் சேர முடியுமா? படிப்பின் பெயர் என்ன?

சேரலாம். நம் நாட்டில் இதைக் கற்கும் வழக்கமான வழி எம்.எஸ்.டபிள்யூ. என்ற இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு. பெரும்பாலான கல்லூரிகளில் எந்தப் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம். சமூகப்பணியில் இளநிலைப் பட்டமான பி.எஸ்.டபிள்யூ. படித்திருந்தால் நல்லது, ஆனால் கட்டாயமில்லை. சமுதாய அமைப்பாக்கத்தை எல்லா மாணவர்களும் ஒரு பாடமாகப் படிப்பார்கள். பிறகு சிறப்புப் பிரிவு தேர்ந்தெடுக்கும்போது சமுதாய மேம்பாட்டுப் பிரிவை எடுத்தால் இதை ஆழமாகப் படிக்கலாம். மனிதவளம், மருத்துவ உளநலம் ஆகிய பிரிவுகளையும் பல கல்லூரிகள் வைத்திருக்கின்றன. கூட்டம் அங்கேதான் அதிகம்.

எந்தக் கல்லூரி நல்லது?

இந்தியாவில் இந்தப் படிப்பு 1936இல் பம்பாயின் நாக்பாடாவில் தொடங்கியது. தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த அந்தப் பகுதியில் கிளிஃபோர்டு மான்ஷார்ட் நடத்திவந்த சமூக மையத்தை ஒட்டி உருவான பள்ளிதான் இன்றைய டாட்டா சமூக அறிவியல் கழகம். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியால் 1952இல் மெட்ராஸ் சமூகப்பணிக் கல்லூரி வந்தது. சென்னையில் லயோலா, ஸ்டெல்லா மாரிஸ், திருச்சியில் பிஷப் ஹீபர், கோவையில் பி.எஸ்.ஜி. கலை அறிவியல், மதுரையில் சமூக அறிவியல் கல்லூரி, திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரி என்று பல இடங்களில் இந்தப் படிப்பு உண்டு. திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. டாட்டா கழகத்துக்கும் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கும் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கிராமத்தில் வேலை செய்ய ஆசைப்படுபவர்கள் திண்டுக்கல் அருகே உள்ள காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகத்தை ஒருமுறை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பேன்.

எது நல்லது என்பதற்கு என் பதில்: கட்டடத்தைப் பார்க்காதீர்கள், களப்பணியைப் பற்றி விசாரியுங்கள். ஓர் ஆசிரியரின் பொறுப்பில் எத்தனை மாணவர்கள்? அவர் களத்துக்கு நேரில் வருவாரா, அறிக்கையில் கையெழுத்து மட்டும் போடுவாரா? சென்ற ஆண்டு மாணவர்கள் எங்கெங்கே போனார்கள்? இரண்டாம் ஆண்டு மாணவர் இருவரைத் தனியாகச் சந்தித்துக் கேட்டாலே உண்மை தெரிந்துவிடும். கல்லூரி அலுவலகத்தில் கிடைக்காத பதில் கேண்டீனில் கிடைக்கும்.

தமிழ் வழியில் படித்தவன் நான். வகுப்பு முழுக்க ஆங்கிலமாக இருக்குமா?

பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலம்தான். முதல் பருவம் சிரமமாகத்தான் இருக்கும், மறைக்க விரும்பவில்லை. ஆனால் களத்தில் நிலைமை தலைகீழாக மாறிவிடும். ஆங்கிலத்தில் அழகாகக் கட்டுரை எழுதும் மாணவி ரேஷன் கடை வாசலில் பேச்சைத் தொடங்கத் தெரியாமல் நிற்பதையும், வகுப்பில் வாய் திறக்காத மாணவர் அரை மணி நேரத்தில் தெருவின் கதை முழுவதையும் கேட்டு வந்து நிற்பதையும் பலமுறை பார்த்திருக்கிறேன். வாராந்தர அறிக்கையைத் தமிழில் எழுத அனுமதி உண்டா என்று துறைத்தலைவரிடம் தயங்காமல் கேளுங்கள். மக்கள் சொன்னதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுவதுதான் நல்ல அறிக்கை. அதற்குத் தமிழ்தான் வசதி.

வகுப்பில் உண்மையில் என்னதான் சொல்லித் தருவார்கள்?

சமூகப்பணியில் ஆறு முறைகள் என்று தொடங்குவார்கள்: தனிநபர் பணி, குழுப் பணி, சமுதாய அமைப்பாக்கம், ஆய்வு, நல நிர்வாகம், சமூகச் செயல்பாடு. அமைப்பாக்கப் பாடத்தில் ஜாக் ராத்மன் 1968இல் வகுத்த மூன்று மாதிரிகள் கட்டாயம் வரும். வட்டார வளர்ச்சி, சமூகத் திட்டமிடல், சமூகச் செயல்பாடு என்பவை அவை. தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறக்காதீர்கள். ஊரே கூடிக் குளம் தூர் வாருவது முதல் வகை. வல்லுநர்கள் கணக்கெடுத்துப் பேருந்துத் தடம் போடுவது இரண்டாவது. வீட்டை இடிக்க வந்தால் ஒன்றாக நின்று மறுப்பது மூன்றாவது. ஒரே தெருவுக்கு ஒரே ஆண்டில் மூன்றும் தேவைப்படலாம்.

எனக்கு மிகவும் உதவியது ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969இல் எழுதிய எட்டுப் படிகள் கொண்ட ஏணி. மக்கள் பங்கேற்பு என்று சொல்லப்படுவதன் கீழ்ப்படியில் ஏமாற்று, உச்சியில் மக்களின் கட்டுப்பாடு. கருத்துக் கேட்பது நடுவில் நான்காவது படி. சுற்றுச்சூழல் அனுமதிக்காக 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டம் ஒன்றுக்குப் போய் உட்காருங்கள். யார் மேடையில், யார் தரையில், மைக் யார் கையில், பேசியது எப்படிப் பதிவாகிறது என்று கவனியுங்கள். நடப்பது எந்தப் படி என்று உங்களுக்கே தெரியும்.

அக்கா, எல்லாம் அமெரிக்கர் எழுதிய புத்தகம். சிகாகோவில் நடந்ததைப் படித்து நம் ஊரில் என்ன செய்வது?

நியாயமான கேள்வி. சிகாகோவின் இறைச்சித் தொழிற்சாலைகளை ஒட்டிய பகுதியில் சால் அலின்ஸ்கி 1939இல் தேவாலயங்களையும் தொழிற்சங்கத்தையும் ஒரே அமைப்புக்குள் கொண்டுவந்தார். ஏற்கெனவே இருக்கும் சிறு அமைப்புகளை இணைத்துப் பெரிய பலத்தை உருவாக்கலாம் என்பது அதில் உள்ள பாடம். மகளிர் குழு, ஆட்டோ சங்கம், கோயில் கமிட்டி, ஜெபக்கூட்டம் எல்லாம் உள்ள நம் தெருவுக்கும் அது பொருந்தும். ஆனால் சாதியைப் பற்றி அந்தப் புத்தகங்களில் எதுவும் இருக்காது. அதற்கு, தலித்துகளுக்கு மறுக்கப்பட்டிருந்த மகாத் குளத்தில் 1927இல் அம்பேத்கர் தலைமையில் மக்கள் இறங்கித் தண்ணீர் அருந்தியதைப் படிக்க வேண்டும்.

நான் மாணவர்களுக்கு முதலில் சொல்வது ராஜஸ்தான் கதையை. அருணா ராயும் நண்பர்களும் தேவ்டுங்ரி கிராமத்தில் ஒரு குடிசையில் தங்கி, 1990இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பைத் தொடங்கினார்கள். நிவாரண வேலைக்குச் சட்டக் கூலி கிடைக்கவில்லை என்பதுதான் மக்களின் புகார். கேட்டால், வேலை நடக்கவில்லை என்று பதிவேட்டில் இருக்கிறது என்பார்கள். பதிவேட்டைக் காட்டச் சொன்னால் ரகசியம் என்பார்கள். 1994 டிசம்பரில் கோட் கிரானாவில் முதல் மக்கள் விசாரணை நடந்தது. பதிவேட்டில் உள்ளதை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். வேலைக்கே போகாதவர்களின் பெயரில் கூலி எழுதியிருந்தது அங்கே வெளிப்பட்டது. 1996இல் பதிவேடுகளைப் பார்க்கும் உரிமை கேட்டுப் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குப் பின்னால் இருந்த முக்கியமான உந்துதல்களில் இது ஒன்று. கூலிக் கேள்வியிலிருந்து நாட்டுக்கே ஒரு சட்டம்: அமைப்பாக்கம் எப்படி அட்வகசியாக வளர்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது.

நம் பக்கத்திலும் உண்டு. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் தலித் கூலி விவசாயிகளின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பகுதிக்கு வந்து தங்கியவர்கள் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவரும். 1981இல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, நிலமில்லாத தலித் பெண்களின் பெயரில் நிலம் வாங்கிக் கொடுத்தார்கள். பேச்சுவார்த்தை, வங்கிக் கடன், சத்தியாகிரகம் எல்லாவற்றையும் அவர்கள் கையாண்டார்கள். ராத்மனின் மூன்று மாதிரிகளையும் இந்த ஒரு வாழ்க்கையை வைத்தே விளக்கிவிடலாம்.

வாரத்தில் இரண்டு நாள் களப்பணி என்கிறார்கள். அன்றைக்கு என்ன செய்ய வேண்டும்?

பெரும்பாலான கல்லூரிகளில் வாரத்தில் இரண்டு நாள் ஒரு தொண்டு நிறுவனத்துக்கோ அரசு அலுவலகத்துக்கோ குடியிருப்புப் பகுதிக்கோ அனுப்புவார்கள். இதைத் தவிரச் சில நாள்கள் கிராம முகாம் உண்டு, படிப்பின் முடிவில் ஒரு மாத அளவுக்குத் தொடர்ச்சியான களப்பணி உண்டு. ஒவ்வொரு வாரமும் அறிக்கை எழுதிப் பேராசிரியரோடு உட்கார்ந்து பேச வேண்டும். இந்த இரண்டு நாளைப் படிப்போடு ஒட்டிய கூடுதல் வேலை என்று நினைப்பவர்கள்தான் அதிகம். என்னைக் கேட்டால் இதுதான் படிப்பு. மற்ற மூன்று நாளும் இதற்கான தயாரிப்பு.

முதல் மாதம் நடப்பதுதான் வேலை. கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு வருபவர்கள் இங்கே இருப்பவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆற்றங்கரையிலும் கால்வாயோரத்திலும் தலைமுறையாக வாழ்ந்தவர்களை நகரின் விளிம்புக்குக் கொண்டுவந்தபோது வீட்டு வேலை, மீன் விற்பனை, பூ வியாபாரம் என்று நடந்துபோய்ச் செய்துவந்த தொழில்கள் கைவிட்டுப் போயின. காலை நாலரை மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் நின்று பாருங்கள். இன்னும் பழைய இடத்துக்கே வேலைக்குப் போகும் பெண்கள் வரிசையில் நிற்பார்கள். அவர்கள் திரும்பி வருவது பிற்பகலில். நீங்கள் காலை பத்து மணிக்குக் கூட்டம் போட்டால் யார் வருவார்கள்?

முதல் நாள் போய் என்ன பேசுவது? கூச்சமாக இருக்கிறது.

எதையும் தருவதாகச் சொல்லாதீர்கள். "படிக்க வந்திருக்கிறேன், இந்த இடத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் போதும். படிவத்தோடு போகாதீர்கள். அங்கே ஏற்கெனவே பலமுறை கணக்கெடுத்துவிட்டார்கள், ஒன்றும் நடக்கவில்லை என்ற சலிப்பு எல்லோருக்கும் இருக்கிறது. தேநீர் கொடுத்தால் குடியுங்கள். வயதில் மூத்தவர்களை அம்மா, ஐயா என்றே அழையுங்கள். "பயனாளி" என்ற சொல்லை அறிக்கையிலும் தவிர்த்துவிடுங்கள்.

என் மகளை இப்படிப்பட்ட இடங்களுக்கெல்லாம் அனுப்புவார்களாமே. பாதுகாப்பா?

பெற்றோரின் கவலை புரிகிறது. முதலாண்டு மாணவர்களை இருவராக அனுப்புவது, இருட்டுவதற்கு முன் கிளம்புவது, வீட்டுக்குள் தனியாகப் போகாமல் வாசலிலோ பொது இடத்திலோ பேசுவது ஆகியவை எங்களிடம் கட்டாயம். சேர்வதற்கு முன்பு கல்லூரியில் இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதோடு, பாலியல் தொல்லை பற்றி விசாரிக்கும் உள்ளகக் குழுவுக்குக் களப்பணி இடத்தில் நடப்பதைப் பற்றியும் புகார் கொடுக்க முடியுமா என்பதையும் கேளுங்கள். முடியும் என்று தயங்காமல் சொல்லும் கல்லூரியாக இருக்க வேண்டும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். "இப்படிப்பட்ட இடம்" என்று நீங்கள் சொல்லும் இடத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் தங்கள் மகள்களை வளர்க்கிறார்கள். உங்கள் மகள் தாமதமாகக் கிளம்பினால் பேருந்து ஏற்றிவிட வருபவரும் அவர்களில் ஒருவராகத்தான் இருப்பார்.

நன்றாக ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதாதா? எதற்கு இத்தனை கூட்டம்?

நான் மாணவியாக இருந்தபோது செய்த தவறு இது. ஒரு கட்டடத்தில் குடிநீர் மோட்டார் பழுதாகிக் கிடந்தது. இரவெல்லாம் உட்கார்ந்து நானே மனு எழுதினேன். "மேற்கண்ட பொருள் தொடர்பாக" என்று தொடங்கி மிகச் சிறப்பாக எழுதியதாக நினைப்பு. ஐந்து பெண்களிடம் கையெழுத்து வாங்கித் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு அழைத்துப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அலுவலர் மனுவைக் கையில் வாங்கி, முதலில் நின்ற அம்மாவைப் பார்த்து மரியாதையாகத்தான் கேட்டார், "என்ன பிரச்சினைம்மா, சொல்லுங்கள்." அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தினமும் மூன்று மாடி குடம் சுமந்தவர் அவர். அதைச் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அந்தத் தாளில் வேறு ஏதோ பெரிய விஷயம் இருக்கிறது, தவறாகச் சொல்லிவிடக் கூடாது என்று பயந்துவிட்டார். அவருடைய பிரச்சினையை அவர் கையிலிருந்து நான் எடுத்துவிட்டேன் என்று அந்த நிமிடம்தான் எனக்குப் புரிந்தது. முதல் கேள்வியில் சொன்ன மீதிப் பாதி இதுதான். மக்களுக்காகப் பேசுவதைக் காட்டிலும், அவர்கள் பேசுவதற்கு வழி செய்வதுதான் பெரிய வேலை.

இப்போது நாங்கள் செய்யும் முறை வேறு. மனுவை வட்டமாக உட்கார்ந்து அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுகிறோம், பிறகு இரண்டு முறை படித்துக் காட்டுகிறோம். யார் முதலில் பேசுவது, அதிகாரி "பார்க்கிறேன்" என்று சொன்னால் "எந்தத் தேதிக்குள்" என்று யார் கேட்பது என்பதைப் பேசிவைத்துக்கொண்டு, ஒருவரை அதிகாரியாக நடிக்க வைத்துப் பழகுகிறோம். மனு எண் உள்ள ரசீதை வாங்காமல் யாரும் திரும்புவதில்லை.

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். கட்டணம் 10 ரூபாய், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் பலனில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள். "இந்த மோட்டாருக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, பணி ஆணையின் நகல் எங்கே" என்று ஆவணத்தைக் கேளுங்கள். கிராமம் என்றால் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை. நகரத்தில் 2022 முதல் பகுதி சபை.

சட்டமே இருக்கிறதே, பிறகு அமைப்பு எதற்கு?

சாலையோர வியாபாரிகள் சட்டம் 2014இல் வந்தது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. நாற்காலி தயார். ஆனால் தெருவில் கீரை விற்கும் பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஆணையருக்கு எதிரே பேசுவதற்கு, அவர் பின்னால் நூறு பேர் இருக்கிறார்கள் என்ற தைரியம் வேண்டும். அதைச் சட்டம் தராது.

களப்பணிக்குப் போன நிறுவனத்தில் தினமும் பில் ஒட்டவும் போட்டோ எடுக்கவும் சொல்கிறார்கள். என்ன செய்வது?

நிறைய நடக்கிறது. சில நாள் அலுவலக வேலையும் கற்றுக்கொள்ள வேண்டியதுதான், நிதி எங்கிருந்து வருகிறது என்று தெரியும். ஆனால் மூன்றாவது வாரமும் அதே கதை என்றால் உங்கள் வாராந்தர அறிக்கையில் செய்த வேலையை மணிக்கணக்கோடு அப்படியே எழுதுங்கள். புகார் தொனி வேண்டாம். அறிக்கையைப் படிக்கும் ஆசிரியர் தலையிட வேண்டியது அவர் கடமை. அவர் படிப்பதே இல்லை என்றால், கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் நான் சொன்னதை உங்கள் இளையவர்களுக்காவது சொல்லி வையுங்கள். முகம் தெரியும்படி குழந்தைகளைப் படமெடுக்கச் சொன்னால் மட்டும் உடனே மறுத்துவிடுங்கள்.

போராட்டத்துக்குப் போனால் வழக்கு வருமா? அரசு வேலை கிடைக்காமல் போகுமா?

ஆயுதமின்றி அமைதியாகக் கூடுவது அரசமைப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவு தரும் உரிமை. ஆனால் அனுமதி இல்லாத இடத்தில் கூடினால் வழக்குப் பதியலாம், பதிகிறார்கள். அரசு வேலைக்கான படிவத்தில் வழக்கு உண்டா என்று கேட்பார்கள். வழக்கைக் காட்டிலும் அதை மறைப்பதுதான் பிற்பாடு பெரிய சிக்கலாகிறது. களப்பணி மாணவராக இருக்கும்போது எங்கே போகிறீர்கள் என்பதைப் பொறுப்பாசிரியருக்குச் சொல்லாமல் போகக் கூடாது.

இதைவிட முக்கியமானது ஒன்று. உங்கள் மீது வழக்கு வந்தால் கல்லூரியும் குடும்பமும் துணைக்கு வரும். அதே கூட்டத்தில் நின்ற வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு ஒரு நாள் கூலி போகும், சில நேரம் வேலையே போகும். ஆபத்தைத் தாங்கப்போகிறவர்கள்தான் எவ்வளவு தூரம் போவது என்று தீர்மானிக்க வேண்டும். உணர்ச்சி வேகத்தில் மாணவர்கள் தீர்மானிக்கக் கூடாது.

வேலை கிடைக்குமா? சம்பளம்?

வேலை கிடைக்கும். தொடக்கச் சம்பளம் மனிதவளப் பிரிவு படித்த உங்கள் நண்பரைவிடக் குறைவாக இருக்கும். மகளிர் திட்டம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகளுக்கான 1098 உதவி மையம், பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம் ஆகியவற்றில் சமூகப்பணி படித்தவர்களை எடுக்கிறார்கள். பெரும்பாலும் ஒப்பந்தப் பணி. தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தில் சமுதாய அமைப்பாளர் என்ற பெயரிலேயே பணியிடம் வைத்தார்கள்.

தொண்டு நிறுவன வேலை சுருங்கியதற்குக் காரணம் உண்டு. வெளிநாட்டு நிதிச் சட்டத்தில் 2020இல் செய்த திருத்தம் நிர்வாகச் செலவின் வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20ஆகக் குறைத்தது. ஒரு நிறுவனம் பெற்ற நிதியை இன்னொன்றுக்குக் கொடுப்பதையும் தடுத்தது. பெரிய அமைப்பின் வழியாகப் பணம் பெற்று வந்த சிறு கிராம அமைப்புகள் இதில் அடிபட்டன. இன்னொரு பக்கம், 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடுகின்றன. அங்கே வேலை இருக்கிறது. அதில் ஒரு சிக்கலும் இருக்கிறது.

கம்பெனி பணத்திலோ அரசு திட்டத்திலோ வேலை பார்த்துக்கொண்டு உரிமை பற்றிப் பேச முடியுமா?

எல்லை உண்டு, பொய் சொல்ல மாட்டேன். கழிப்பறை கட்டப் பணம் கிடைக்கும். பத்துப் பேர் கூடிக் கேள்வி கேட்பதற்குப் பணம் கிடைப்பது அரிது. ஆனால் அந்த எல்லைக்குள் செய்யக்கூடியது நாம் நினைப்பதைவிட அதிகம். கழிப்பறை எங்கே வேண்டும், சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதை அந்தப் பெண்களே தீர்மானிக்கும் கூட்டத்தை நடத்த யாரும் தடை சொல்வதில்லை. செலவுக் கணக்கைச் சுவரில் எழுதிவைக்கவும் தடையில்லை.

தாண்ட வேண்டிய நாள் வந்தால் அமைப்பை உங்கள் சம்பளத்தோடு கட்டிப்போடாதீர்கள். குடியிருப்போர் சங்கம் அவர்கள் சந்தாவில் நடக்கட்டும். மாதம் இருபது ரூபாய் என்றாலும் அவர்கள் பணம். அந்தச் சங்கம் கேள்வி கேட்கும்போது உங்கள் முதலாளியின் முகம் பார்க்க வேண்டியதில்லை.

ஊரே இரண்டாகப் பிரிந்திருக்கிறது. இதில் "சமுதாயம்" என்பது யார்?

புத்தகம் எளிதாகத் தாண்டிப்போகும் இடம் இது. கிராமத்தை ஒரே குடும்பம்போல நினைத்துக்கொள்வதை அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் கடுமையாக மறுத்தார். அந்த உரையைக் கிராம முகாமுக்கு முன்பு படித்துவிட்டுப் போங்கள்.

ஒரு முகாமில் மாணவர்கள் ஊர் மக்களைக் கொண்டு கோலமாவால் தரையில் ஊர் வரைபடம் வரையச் சொன்னார்கள். கோயில், பள்ளி, தெருக்கள், ஏரி எல்லாம் அழகாக வந்தன. ஏரிக்கரையோடு வரைபடம் முடிந்துவிட்டது. கரைக்கு அப்பால் இருந்த காலனியை யாரும் வரையவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை, அது அவர்களுக்குத் தோன்றவே இல்லை. வரைந்த இடம் கோயில் மண்டபம் என்பதால் காலனியிலிருந்து ஒருவரும் அங்கே வந்திருக்கவில்லை. மறுநாள் அதே வரைபடத்தைக் காலனிப் பெண்கள் தங்கள் தெருவில் வரைந்தார்கள். அதில் சுடுகாட்டுப் பாதை முதலில் வந்தது, அது எங்கே முள்வேலியால் மறிக்கப்பட்டிருக்கிறது என்பதும் வந்தது.

எனவே முகாமில் எங்கே தங்குகிறீர்கள், யார் வீட்டில் சாப்பிடுகிறீர்கள், கூட்டத்தை எங்கே போடுகிறீர்கள் என்பவையே உங்கள் முதல் முடிவுகள். எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பிரச்சினையை மட்டும் எடுத்தால் தெருவிளக்கோடு நின்றுவிடுவீர்கள். பாதை பற்றிப் பேச வேண்டும் என்றால் முதலில் பாதை இல்லாதவர்களோடு உட்கார வேண்டும்.

நான் அந்த மக்களில் ஒருத்தி இல்லை. அவர்களைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி?

இந்தக் கேள்வி எழுந்தாலே நல்ல அறிகுறி. வெளியாளுக்கும் வேலை உண்டு: விதியைத் தேடி எடுப்பது, அலுவலக நடைமுறையை விளக்குவது, கூட்டக் குறிப்பு எழுதுவது, மைக்கைக் கைமாற்றுவது. எதை முதலில் கேட்பது, எந்த அளவில் சமாதானம் ஆவது என்பவை உங்கள் வேலை அல்ல.

இதே கேள்வியை மறுபக்கமிருந்தும் கேட்கிறார்கள். அதே குடியிருப்பில் பிறந்து எம்.எஸ்.டபிள்யூ. வரை வந்த மாணவர்கள், "இனி எங்கள் ஆள்கள் என்னைப் பழையபடி பார்ப்பார்களா" என்று கேட்கிறார்கள். சிலர் பார்க்க மாட்டார்கள். அது வலிக்கும். ஆனால் எந்த வீட்டில் எந்த நேரத்தில் கதவு திறந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரிவதை எந்தப் பல்கலைக்கழகமும் எனக்குக் கற்றுத்தரவில்லை.

இரண்டாண்டில் நாங்கள் போய்விடுவோம். பாதியில் விட்டுப்போவது ஏமாற்றுவது ஆகாதா?

எப்போது போவீர்கள் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டால் ஆகாது. கடைசி இரண்டு மாதத்தில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். கூட்டத்துக்கு நீங்கள் வராமலே அது நடக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். அதிகாரிகளின் எண்கள் உங்கள் செல்பேசியில் மட்டும் இருக்கக் கூடாது.

எங்கள் குடியிருப்பில் ஓர் அம்மா வீட்டுப் பரணில் ஒரு மஞ்சள் பை இருக்கிறது. தண்ணீர் லாரி நோட்டு, மனு ரசீதுகள், தகவல் உரிமைப் பதில்கள், சங்கத்தின் சந்தாப் புத்தகம் எல்லாம் அதில் இருக்கின்றன. அவற்றில் பாதியை எழுதிய மாணவர்கள் இப்போது எங்கெங்கோ வேலையில் இருக்கிறார்கள். புதிய மாணவர்கள் வந்தால் அந்த அம்மாவே பையை இறக்கி, பாயில் பரப்பி, எது முடிந்தது, எது பாக்கி என்று தேதிவாரியாகச் சொல்வார். அவர்களுடைய முதல் வகுப்பை இப்போதெல்லாம் நான் எடுப்பதில்லை.